பைத்தானின் புகார்ப் பெட்டி: தினமும் புழங்குகிறவன் எழுதும் மதிப்பீடு

பைத்தான் என்ற நிரல் மொழியைப் பற்றி மதிப்பீடு எழுதுகிறவர்கள் வேகத்தில் தொடங்கி, எத்தனை லைப்ரரி இருக்கிறது, படித்தால் வேலை கிடைக்குமா என்பதில் முடித்துவிடுகிறார்கள். அதெல்லாம் வேண்டிய அளவுக்கு எழுதியாகிவிட்டது. நான் எழுத நினைப்பது அதன் இன்னொரு பக்கத்தை. மொழியில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று ஒருவருக்குத் தோன்றினால், அல்லது இந்த இடம் இப்படி மாறினால் நன்றாயிருக்கும் என்று தோன்றினால், அதை எங்கே போய்ச் சொல்வது, சொன்னால் யார் காதில் விழும், விழுந்தபிறகு என்ன ஆகும்? காசு கொடுத்து வாங்கும் மென்பொருளில் இதற்குச் சப்போர்ட் என்று தனியாகப் பில் போடுகிறார்கள். பைத்தானில் இது இலவசம், அதுவும் எல்லார் கண்முன்னாலும் நடக்கிறது, யார் வேண்டுமானாலும் படிக்கலாம், வாய் திறக்கலாம். தமிழ் உரைகளைச் சுத்தம் செய்வது, சொற்களை எண்ணுவது, தேடுவது என்று நாள் முழுக்கப் பைத்தானோடு கிடப்பவன் என்பதால் இந்தச் சேவையைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து இருக்கிறது. பெரும்பாலான விஷயங்களில் இதைவிடப் பொறுமையாகப் புகார் கேட்கும் இடத்தை நான் பார்த்ததில்லை. நம் எழுத்துகள் என்று வரும்போது மட்டும் மனசு ஆறவில்லை. இரண்டையும் சொல்கிறேன்.

முதலில் இடம். இன்றைக்குப் பக், அதாவது நிரல் பிழை, எதுவானாலும் நிரல்களைச் சேமித்துப் பகிரும் கித்ஹப் தளத்தில், பைத்தானின் முதன்மை வடிவமான சிபைத்தானின் களஞ்சியத்தில், ஓர் இஷ்யூவாக, அதாவது புகார்ப் பதிவாக, திறக்க வேண்டும். இது 2022 ஏப்ரலில் வந்த ஏற்பாடு. அதற்கு முன்னால் 2007 முதல் ரவுண்டப் என்ற மென்பொருளில் ஓடிய தனித் தளம் இருந்தது, அதற்கும் முன்னால் சோர்ஸ்ஃபோர்ஜ். இப்படி வீடு மாற்றும்போது பழைய சாமான்களைத் தெருவில் போட்டுவிட்டுப் போகிற திட்டங்களை நிறையப் பார்த்திருக்கிறோம், பழைய சுட்டியை அழுத்தினால் பக்கமே இல்லை என்று வரும். இவர்கள் அப்படிச் செய்யவில்லை. பழைய இஷ்யூக்கள் அத்தனையையும், அவற்றில் நடந்த வாக்குவாதத்தோடு சேர்த்துப் புது இடத்துக்குக் கொண்டுவந்தார்கள், பழைய எண்ணைப் போட்டுத் தேடினாலும் புது இஷ்யூவுக்கு வழி காட்டும். சின்ன வேலை மாதிரி தெரியும். ஆனால் ஒரு பங்க்ஷன் ஏன் இப்படி விநோதமாக நடந்துகொள்கிறது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருக்கும்போது, பதினைந்து வருஷத்துக்கு முன்னால் யாரோ இதே கேள்வியைக் கேட்டு, இன்னொருவர் வரிவரியாகப் பதில் சொல்லி, மூன்றாமவர் அதை மறுத்திருப்பதைப் படிக்கக் கிடைப்பது எவ்வளவு பெரிய உதவி என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். என்னைக் கேட்டால், பைத்தானுடைய டாக்குமெண்டேஷனில் ஆகச் சிறந்த பகுதி இந்த மூடப்பட்ட இஷ்யூக்கள்தான்.

பக் அல்லாத பெரிய மாற்றங்களுக்கு வேறு வழி. அதற்கு பெப் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் முன்மொழிவு எழுத வேண்டும், இந்த முறை 2000இலிருந்து இருக்கிறது. என்ன மாற்றம், ஏன் வேண்டும், பழைய நிரல்கள் உடையுமா என்பதோடு, பரிசீலித்துத் தள்ளிவிட்ட யோசனைகள் என்ன என்பதையும் அதில் எழுதவேண்டும். இந்தக் கடைசிப் பகுதி எனக்கு ரொம்பப் பிடிக்கும். நாம் யோசித்து வைத்திருக்கும் அருமையான யோசனையை அங்கே போய்ப் பார்த்தால் பாதி நேரம் அது ஏற்கனவே தள்ளப்பட்ட பட்டியலில் காரணத்தோடு உட்கார்ந்திருக்கும்.

ஒரு புகார் இந்தப் பெட்டிக்குள் விழுந்தால் என்ன ஆகிறது என்பதைக் காட்ட, எனக்குப் பிடித்த பழைய வழக்கு ஒன்றைச் சொல்கிறேன். நாளையும் நேரத்தையும் கையாளும் டேட்டைம் மாட்யூலில் டைம் என்று ஒரு வகை உண்டு, மணி நிமிடம் நொடியை வைத்துக்கொள்ளும். பைத்தானில் எந்த மதிப்பையும் நிபந்தனை கேட்கும் இஃப் பக்கத்தில் வைத்து உண்மையா பொய்யா என்று கேட்கலாம், பூஜ்யம், காலி உரை, காலிப் பட்டியல் போன்றவை பொய், மற்றவை பெரும்பாலும் உண்மை. இந்த டைம் வகையில் நள்ளிரவு 12 மணியும் பொய் என்று வைத்திருந்தார்கள், அது பூஜ்யமாம். பயனர் நேரம் கொடுத்திருக்கிறாரா என்று பார்க்க ஒருவர் 'இஃப் நேரம்' என்று எழுதியிருப்பார், நாள் முழுக்கச் சரியாக ஓடும், நள்ளிரவைத் தேர்ந்தெடுத்த பயனருக்கு மட்டும் நேரமே கொடுக்கவில்லை என்று பதில் வரும். சோதித்துப் பார்க்கும்போது யாரும் நள்ளிரவைப் போட்டுப் பார்க்கமாட்டார்கள், அதனால் மாதக்கணக்கில் கண்ணில் படாமல் கிடந்து ஒருநாள் கழுத்தை அறுக்கும்.

இதில் நம் ஊருக்கு ஒரு தனி விசேஷம் இருந்தது. நேர மண்டலத்தோடு சேர்ந்த டைம் என்றால், மண்டலத்தின் வித்தியாசத்தைக் கழித்துவிட்டு வருவது பூஜ்யமா என்று பார்ப்பார்கள். இந்திய நேரம் உலக நேரத்தைவிட ஐந்தரை மணி முன்னே இருப்பது. ஆகவே இந்திய மண்டலம் பொருத்தப்பட்ட நேரத்தில் நள்ளிரவு உண்மையாகிவிடும், அதிகாலை சரியாக 5:30 பொய்யாகிவிடும். இலங்கை நேரத்துக்கும் இதே கதிதான். விடியற்காலை ஐந்தரைக்கு அலாரம் வைக்கிற ஆள் நம் ஊரில் குறைவா என்ன.

2012இல் இதை ஒருவர் பக் என்று பதிவு செய்தார். பதில், டாக்குமெண்டேஷனில் இப்படித்தான் எழுதியிருக்கிறது, ஆகவே இது பக் இல்லை என்று மூடிவிட்டார்கள். சட்டப்படி பார்த்தால் சரியான பதில். வேறு இடமாக இருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். 2014இல் பேச்சு மறுபடி கிளம்பியது, எழுதி வைத்துவிட்டதாலேயே ஒரு கோணல் நேராகிவிடுமா என்று சிலர் கேட்டார்கள், இந்த நடத்தையை நம்பி எழுதப்பட்ட உருப்படியான நிரல் ஏதாவது உண்டா, இருந்தால் ஒன்றைக் காட்டுங்கள் என்று சவாலும் வந்தது, பழைய நிரல்கள் உடையுமே என்று மறுத்தவர்களும் இருந்தார்கள். கடைசியில் மூடிய இஷ்யூவைத் திறந்தார்கள், 2015இல் வந்த 3.5 பதிப்பில் நள்ளிரவு உண்மையாகிவிட்டது, நம் ஐந்தரையும்தான். அந்த இழையை முழுக்கப் படித்துப் பாருங்கள் என்று புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களிடம் நான் சொல்வது வழக்கம். பெரிய பெயர் உள்ளவர்கள் முதலில் எடுத்த முடிவு, அதற்கு எதிரான வாதம், முடிவு மாறியது எல்லாம் அழிக்கப்படாமல் அப்படியே இருக்கிறது. முடிவு மாறியதற்காக யாரும் வெட்கப்பட்டு எதையும் மறைக்கவில்லை.

எல்லாப் புகாரும் இப்படி வெல்லாது, வெல்லவும் கூடாது. 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் 0.3 வரவில்லை, ரவுண்ட் பங்க்ஷனில் 2.5ஐப் போட்டால் 3க்குப் பதில் 2 வருகிறது என்று திரும்பத் திரும்ப யாராவது இஷ்யூ திறந்துகொண்டே இருப்பார்கள். முதலாவது, கணினி பின்னங்களை இரும எண்ணில் வைப்பதால் வருவது, எந்த மொழியில் போனாலும் அதுதான். இரண்டாவது, சரி பாதியில் நிற்கும் எண்ணைப் பக்கத்து இரட்டை எண்ணுக்குத் தள்ளுவது என்ற, வேண்டுமென்றே எடுத்த முடிவு. இதற்கெல்லாம் அலுப்பில்லாமல் விளக்கம் எழுதி, படிக்கவேண்டிய பக்கத்தைக் காட்டி, மரியாதையாக மூடுகிறார்கள். கேட்டவரை மட்டம் தட்டிப் பதில் எழுதும் வழக்கம் அங்கே இல்லை என்றே சொல்லலாம், திறந்த மூல உலகில் இது எல்லா இடத்திலும் கிடைக்கிற மரியாதை கிடையாது.

மேம்பாடு என்று பார்த்தால், கடந்த சில வருஷங்களில் பயனர்களின் புலம்பலை இவர்கள் எவ்வளவு காதுகொடுத்துக் கேட்டிருக்கிறார்கள் என்பதற்குப் பிழைச் செய்திகளே சாட்சி. பழைய பைத்தானில் ஓர் அடைப்புக்குறியை மூட மறந்தால் அடுத்த வரியைச் சுட்டிக்காட்டி இலக்கணம் சரியில்லை என்று மொட்டையாகச் சொல்லும். அந்த அடுத்த வரியில் ஒரு தப்பும் இருக்காது, கற்றுக்கொள்கிற பிள்ளைகள் அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். 3.9இல் நிரலைப் படித்துப் பிரித்துப் பார்க்கும் பார்ஸரையே மாற்றினார்கள், அதன் பலனாக 3.10 முதல், இந்த வரியில் திறந்த குறி மூடப்படவே இல்லை என்று இடத்தைக் காட்டிச் சொல்கிறது. மாறியின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி அடித்தால், நீங்கள் நினைத்தது இதுவா என்று சரியான பெயரை எடுத்துக் கொடுக்கிறது. 3.11இல் ஒரே வரியில் நாலு கணக்கு இருந்தால் எது உடைந்தது என்று அதன் அடியில் கோடு போட்டுக் காட்டுகிறது. 3.12இல் ஒரு மாட்யூலை இம்போர்ட் செய்யாமல் பயன்படுத்தினால் இம்போர்ட் செய்ய மறந்துவிட்டீர்களா என்று கேட்கிறது.

எனக்கு இதில் ஆகப் பிடித்தது 3.13இல் வந்தது. ரேண்டம் மாட்யூலைக் கற்றுக்கொள்ள உட்காருகிற மாணவர் தன் ஃபைலுக்கு ரேண்டம்.பை என்றே பெயர் வைப்பார், அது இயற்கைதானே. உடனே பைத்தான் உண்மையான ரேண்டத்தை விட்டுவிட்டு அவர் ஃபைலையே இம்போர்ட் செய்து, இதில் ராண்ட்இன்ட் என்று ஒன்று இல்லையே என்று கையை விரிக்கும். புத்தகத்தில் இருக்கிறது, வகுப்பில் சொன்னார்கள், இங்கே மட்டும் இல்லை என்றால் பிள்ளை என்ன செய்யும்? பைத்தான் சொல்லிக்கொடுத்தவர்கள் எல்லாரும் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பார்கள். இப்போது பிழைச் செய்தியே, உங்கள் ஃபைல் பெயரும் பைத்தானோடு வரும் மாட்யூலின் பெயரும் ஒன்றாக இருக்கிறது, பெயரை மாற்றிப் பாருங்கள் என்று ஃபைலின் முழு முகவரியோடு சொல்லிவிடுகிறது. அதே பதிப்பில் ஊடாட்டத் திரையிலிருந்து வெளியேற எக்ஸிட் என்று மட்டும் அடித்தால் போதும் என்றும் ஆகிவிட்டது. முன்பெல்லாம், நாம் வெளியேற நினைப்பது அதற்குத் தெரிந்திருந்தும், அடைப்புக்குறியும் சேர்த்து அடியுங்கள் என்று பாடம் எடுத்துக்கொண்டு நிற்கும்.

சண்டையும் நடந்திருக்கிறது. பெப் 572, வால்ரஸ் என்று செல்லப்பெயர் வாங்கிய குறி, ஒரு கணக்குக் கோவைக்கு நடுவிலேயே மாறிக்கு மதிப்புக் கொடுக்க வழி செய்வது. 2018இல் அதற்கு நடந்த வாக்குவாதம் அளவு மீறிப் போய், அதை ஏற்றுக்கொண்ட கையோடு, மொழியை உருவாக்கிய கைடோ வான் ராசம் ஜூலை 12 அன்று இறுதி முடிவெடுக்கும் பொறுப்பிலிருந்தே விலகிவிட்டார். ஒருவர் சொல்வதே முடிவு என்று இருபத்துச் சொச்சம் வருஷம் ஓடிய மொழிக்கு இது பெரிய அதிர்ச்சி. அப்புறம் மொழியைப் பராமரிக்கும் கோர் டெவலப்பர்கள் கூடிப் பேசி, வாக்களித்து, ஐந்து பேர் கொண்ட ஒரு வழிநடத்தும் குழுவை அமைத்தார்கள், அதில் ஒரே நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் இரண்டு பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்றும் எழுதி வைத்தார்கள். பெரிய நிறுவனங்கள் இந்த மொழியை நம்பி எவ்வளவு பணம் சம்பாதிக்கின்றன என்று யோசித்தால் அந்த ஒரு விதியின் அருமை புரியும். வால்ரஸ் 3.8இல் வந்தது. அவ்வளவு சண்டைக்குப் பிறகு இன்று அதைப் பற்றி யாரும் பேசுவதுகூட இல்லை, வேண்டுகிறவர்கள் பயன்படுத்துகிறார்கள், அவ்வளவுதான்.

குழு ஆட்சியில் வேகம் குறையும் என்று பயந்தவர்கள் உண்டு. நான் அதைக் குறையாகப் பார்க்கவில்லை. 2024 அக்டோபரில் நடந்ததைப் பாருங்கள். 3.13இல் குப்பை சேகரிப்பானை, அதாவது பயன்படாத நினைவகத்தைத் திருப்பி எடுக்கும் பகுதியை, சிறிது சிறிதாக வேலை செய்யும்படி மாற்றியிருந்தார்கள். வெளியீட்டுக்கு நாள் நெருங்கிய நேரத்தில், சில நிரல்கள் முன்பைவிட மெதுவாக ஓடுகின்றன, குறிப்பாக ஆவணம் தயாரிக்கும் ஸ்ஃபிங்க்ஸ் தடுமாறுகிறது என்று புகார் வந்தது. அக்டோபர் 1 அன்று வரவேண்டிய பதிப்பை நிறுத்தி, அந்த மாற்றத்தை முழுக்கப் பின்வாங்கி, இன்னொரு முன்னோட்டப் பதிப்பை விட்டு, 7ஆம் தேதி இறுதிப் பதிப்பை வெளியிட்டார்கள். விளம்பரம் செய்துவிட்டோமே, முதலில் விட்டுவிட்டுப் பிறகு பேட்ச் போட்டுக்கொள்ளலாம் என்று நினைக்கிற தொழிலில், ஒரு வாரம் தள்ளிப்போட்டு வேலை செய்த மாற்றத்தையே எடுத்து வைக்கத் துணிகிறவர்களை நம்பி என் வேலையை ஒப்படைக்கலாம் என்று எனக்குத் தோன்றியது அப்போதுதான்.

குறை சொல்லவும் இருக்கிறது. 2022 செப்டம்பரில் ஒரு பாதுகாப்புத் திருத்தம் வந்தது. மிகப் பெரிய முழு எண்ணை எழுத்து வடிவத்துக்கு மாற்ற எடுக்கும் நேரம் இலக்கங்கள் கூடக்கூட இருமடிப் பெருக்கத்தில் ஏறும், அதை வைத்து ஒரு சர்வரை முடக்கிவிடலாம். அதனால் 4300 இலக்கத்துக்கு மேல் மாற்ற மறுக்கும் என்று வரம்பு வைத்தார்கள். காரணம் நியாயம்தான். வந்த விதம்தான் சரியில்லை. பாதுகாப்பு விஷயம் என்பதால் பேச்சு மூடிய அறைக்குள் நடந்து, ஏற்கனவே வெளியாகியிருந்த 3.7 முதல் 3.10 வரைக்குமான பதிப்புகளின் சிறு திருத்த வெளியீடுகளில் திடுதிப்பென்று வந்திறங்கியது. நேற்றுவரை 2000இன் ஃபேக்டோரியலைக் கணக்கிட்டு அச்சிட்ட நிரல், அதில் 5736 இலக்கம் இருப்பதால் இன்றைக்குப் பிழை கொடுத்து நின்றது. கணிதத்துக்குப் பைத்தானை நம்பியிருக்கிறவர்கள் கொதித்துப்போனது சரியே. வரம்பைத் தூக்கிவிட ஒரு பங்க்ஷன் கொடுத்தார்கள், பிறகு மாற்றும் முறையையும் வேகப்படுத்தினார்கள். ஆனாலும் எல்லாரையும் கேட்டு முடிவெடுப்பதையே பலமாக வைத்திருக்கும் ஒரு மொழி, சாதாரணப் பயனர் தினம் தொடுகிற ஒரு நடத்தையைக் கேட்காமல் மாற்றியது எனக்கு இன்னும் நெருடலாகவே இருக்கிறது. இதோடு ஒப்பிட்டால், பழைய மாட்யூல்களை நீக்கியதை நான் குறை சொல்லமாட்டேன். டெல்நெட்லிப், சிஜிஐ உட்பட 19 மாட்யூல்கள் 3.13இல் போயின, ஆனால் 3.11இலேயே எச்சரிக்கை கொடுத்து, இரண்டு வருஷம் அவகாசமும் கொடுத்துத்தான் எடுத்தார்கள்.

இப்போது நம் விஷயத்துக்கு வருகிறேன். உரைக்குள் ஒரு வடிவத்தைத் தேடப் பயன்படும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் எழுதுகிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்த குறி பேக்ஸ்லாஷ் டபிள்யூ, சொல்லில் வரக்கூடிய ஓர் எழுத்து என்று பொருள். அதோடு கூட்டல் குறியைச் சேர்த்தால் ஒரு முழுச் சொல்லைப் பிடிக்கவேண்டும். ஆங்கிலத்துக்குப் பிடிக்கிறது, ரஷ்ய மொழிக்குப் பிடிக்கிறது. 'தமிழ்' என்ற சொல்லைக் கொடுத்துப் பாருங்கள், 'தம' என்று ஒரு துண்டும் 'ழ' என்று இன்னொரு துண்டும் வரும். நடுவில் இருந்த இகரக் கொம்பையும் கடைசிப் புள்ளியையும் எழுத்தாகவே எடுத்துக்கொள்ளாது. காரணம் எளிது. உலக எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோடில் உயிர்க்குறிகளும் புள்ளியும் 'குறி' என்ற வகையில் வருகின்றன, 'எழுத்து' என்ற வகையில் இல்லை, பைத்தானோ எழுத்தையும் எண்ணையும் அடிக்கோட்டையும் மட்டுமே சொல்லின் பகுதியாக ஏற்கிறது.

இதன் விளைவு வெறும் துண்டு துண்டாக வருவதோடு நிற்பதில்லை. 'கடல்' என்ற சொல்லைக் கொடுத்தால் புள்ளி உதிர்ந்து 'கடல' என்று வரும். 'கடலை' என்று கொடுத்தால் ஐகாரக் கொம்பு உதிர்ந்து அதுவும் 'கடல' என்றே வரும். ஒரு லட்சம் சொல் உள்ள தொகுப்பில் சொற்களை எண்ணினால் சமுத்திரமும் வேர்க்கடலையும் ஒரே கணக்கில் சேர்ந்துவிடும், 'கல்'லும் 'கலை'யும் அப்படியே. எங்கேயும் பிழைச் செய்தி வராது, நிரல் சமர்த்தாக ஓடி ஓர் அட்டவணையைக் கொடுக்கும், தமிழ் படிக்கத் தெரியாத ஒருவர் அந்த அட்டவணையை வைத்துக் கட்டுரைகூட எழுதிவிடலாம். ரேண்டம்.பை போன்ற கோளாறாவது முகத்துக்கு நேரே வந்து நிற்கும். இது சத்தமே போடாது.

ஈஸ்ஆல்ஃபா என்ற பங்க்ஷனும் இதே குடும்பம். ஓர் உரையில் எழுத்துகள் மட்டும்தான் இருக்கின்றனவா என்று கேட்பது, விண்ணப்பப் படிவங்களில் பெயரைச் சரிபார்க்க இதைப் பயன்படுத்துகிறவர்கள் ஏராளம். 'விலை' என்று கொடுத்தால் இல்லை என்கிறது. இத்தனைக்கும் பைத்தான் 3இல் விலை என்று ஒரு மாறிக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம், தாராளமாக ஏற்கும். பெயராக வைக்கத் தகுந்ததா என்று கேட்கும் பங்க்ஷன் ஆம் என்கிறது, எழுத்துகளால் ஆனதா என்று கேட்கும் பங்க்ஷன் இல்லை என்கிறது, இரண்டும் ஒரே மொழிக்குள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.

யாரும் சொல்லவில்லையா என்றால், சொல்லியிருக்கிறார்கள். 2007லேயே, ரோமன் அல்லாத எழுத்துகளுக்கு இந்தக் குறி உதவவில்லை என்று ஓர் இஷ்யூ இந்திச் சொல்லை எடுத்துக்காட்டாக வைத்துத் திறக்கப்பட்டது. 2011இல் இன்னொன்று, யூனிகோடின் ரெகுலர் எக்ஸ்பிரஷன் வழிகாட்டியையே இது மீறுகிறது என்று விளக்கமாக வந்தது. நள்ளிரவுப் பிரச்சினை மூன்று வருஷத்தில் தீர்ந்தது, இது பள்ளிக்கூடத்தில் சேர்ந்த குழந்தை கல்லூரி முடிக்கிற காலத்தைத் தாண்டியும் அப்படியே இருக்கிறது. மறுத்தவர்கள் யாரும் இந்திய மொழிகளை அலட்சியமாகப் பேசவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். குறியின் பொருளை மாற்றினால் உலகம் முழுக்க ஓடும் நிரல்களின் விடை மாறும் என்ற பயம் நிஜம். அந்த மாட்யூலை ஆழமாகத் தெரிந்தவர்கள் மிகச் சிலர். அதோடு, ரீஜெக்ஸ் என்ற வெளி மாட்யூல் யூனிகோட் சொல்கிறபடி சரியாகச் செய்துவிடுகிறது, அதையே உள்ளே கொண்டுவரலாம் என்று 2008இலிருந்து பேசினார்கள், வரவில்லை, ஆனால் அது வெளியே இருப்பதாலேயே உள்ளே இருப்பதைத் திருத்தும் அவசரம் போய்விட்டது.

இவ்வளவையும் படித்தபிறகு எனக்கு உறைத்தது ஒன்றுதான், இந்தப் புகார்ப் பெட்டி தானாக ஓடுவதில்லை. நள்ளிரவு வழக்கில் விடாமல் வாதாட ஆள் இருந்தார்கள், பிழைச் செய்திகளுக்குப் பாப்லோ கலிண்டோ போன்றவர்கள் வருஷக்கணக்கில் உழைத்தார்கள். பேக்ஸ்லாஷ் டபிள்யூவுக்கு அப்படித் தோள் கொடுத்து, ஒரு பெப் எழுதி, பழைய நடத்தை வேண்டும் என்பவர்கள் அதைத் தேர்ந்தெடுக்க ஒரு வழியையும் வைத்து, கடைசிவரை நின்று முடிக்க ஒருவர் வரவில்லை. இந்திய மொழிகளில் மென்பொருள் எழுதுகிறவர்கள் எண்ணிக்கையை யோசித்தால் இது எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருக்கிறது.

சரி, இறங்கிப் பார்க்க நினைக்கிறவர்களுக்கு இந்தச் சேவையின் நடைமுறை எப்படி இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இஷ்யூ எழுதும்போது அப்படியே நகலெடுத்து ஓட்டிப் பார்க்கக்கூடிய ஐந்தாறு வரி நிரலும், பதிப்பு எண்ணும், என்ன வந்தது, என்ன வந்திருக்கவேண்டும் என்பதும் இருந்தால் சீக்கிரம் யாராவது எட்டிப் பார்ப்பார்கள். உங்கள் ப்ராஜெக்டின் முந்நூறு வரியை ஒட்டினால் காற்று வாங்கும். திருத்தமே அனுப்புவதானால் பங்களிப்பாளர் ஒப்பந்தத்தில் கையெழுத்து, டெஸ்ட், செய்திக் குறிப்பு ஒன்று, மூன்றும் வேண்டும். பெடிவியர் என்ற பாட், அதாவது தானியங்கி நிரல், ஒன்று இருக்கிறது, உங்கள் புல் ரிக்வெஸ்ட், அதாவது நீங்கள் அனுப்பிய திருத்தம், எந்த நிலையில் நிற்கிறது என்று அதுதான் பட்டை ஒட்டும். திருத்தம் கேட்டால், செய்து முடித்துவிட்டு, கேட்டதைச் செய்துவிட்டேன், மறுபடி பாருங்கள் என்ற குறிப்பிட்ட ஆங்கில வாசகத்தை எழுதினால்தான் அது மீண்டும் வரிசையில் நிற்கவைக்கும். திருத்தம் மூல நிரலோடு சேர்ந்து மெர்ஜ் ஆனதும் பழைய பதிப்புகளுக்கு எடுத்துச்செல்ல வேறொரு பாட் வரும். இதெல்லாம் முதல் தடவை கெடுபிடியாகத் தெரியும், பழகினால் இந்த ஒழுங்கு இல்லாமல் இவ்வளவு பெரிய மொழி நடக்காது என்று புரியும்.

காத்திருப்புதான் பெரிய தொல்லை. திறந்த இஷ்யூக்கள் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன, பார்க்கிறவர்களில் பெரும்பாலோர் சம்பளமில்லாமல் ஓய்வு நேரத்தில் செய்கிறவர்கள். இதைச் சமாளிக்கப் பைத்தான் மென்பொருள் அறக்கட்டளை 2021இல் முழுநேரச் சம்பளத்துக்கு ஒரு டெவலப்பரை வைத்தது, தேங்கிய திருத்தங்களைப் பார்ப்பது அவர் வேலையில் பெரும்பகுதி. அது வந்தபிறகு பதில் வேகம் கூடியிருப்பதாகவே எனக்குப் படுகிறது, இருந்தாலும் ஒரு சின்னத் திருத்தம் மாதக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் கிடப்பது இன்றும் சகஜம். நாகரிகமாக ஒருமுறை நினைவூட்டலாம், தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள்.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு நாலு கொடுப்பேன். குறைகிற ஒன்று முழுக்க அந்த 2007 இஷ்யூவுக்காக.

அது தீரும்வரை தமிழ் உரையோடு வேலை செய்கிறவர்கள் ரெகுலர் எக்ஸ்பிரஷனுக்கு உள்ளே இருக்கும் மாட்யூலைத் தொடாமல் ரீஜெக்ஸை நிறுவிக்கொள்ளுங்கள், இம்போர்ட் வரியில் பெயரை மாற்றினால் பெரும்பாலும் மற்ற நிரல் அப்படியே ஓடும். எழுத்துகளை எண்ணுவதற்கு லென் பங்க்ஷனை நம்பவேண்டாம், அது 'தமிழ்' என்பதில் ஐந்து என்று சொல்லும், ஏனென்றால் அது யூனிகோட் குறியெண்களை எண்ணுகிறது. ஓப்பன்-தமிழ் லைப்ரரியில் எழுத்துகளைப் பிரித்துக் கொடுக்கும் பங்க்ஷன் இருக்கிறது, அதில் த, மி, ழ் என்று மூன்றாக வரும், திருப்பிப் போடுவது, அகரவரிசைப்படுத்துவது எல்லாம் அதற்கு மேல் எழுதிக்கொள்ளலாம். படிவத்தில் பெயரைச் சரிபார்க்க ஈஸ்ஆல்ஃபா போட்டிருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். 'கனகசபை' என்று ஒருவர் தன் பெயரை அடித்தால், கடைசியில் நிற்கும் அந்த ஒற்றை ஐகாரக் கொம்புக்காகவே அது செல்லாது என்று திருப்பி அனுப்பும்.